கிரைனா வரைந்த ஒற்றைக் கோடு

1947 மே பதினான்காம் தேதி, புதன்கிழமை, ஆரி ஹாஸ்நூட் ஜாவாவுக்குக் கப்பலேறினான். இருபது வயது. கட்டாய ராணுவச் சேவை. அங்கே கலகம் நடக்கிறது, அடக்கிவிட்டு வாருங்கள் என்று அரசாங்கம் அனுப்பி வைத்த ஆயிரக்கணக்கான பையன்களில் அவனும் ஒருவன். மறுநாள் இயேசு விண்ணேறிய திருநாள். அவன் ஊரான கட்வைக் என்ற கடலோரக் கிராமத்தில் பெண்கள் ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டும், ஆண்கள் கறுப்பு உடுப்பைத் தூசி தட்டிக்கொண்டும் இருந்தார்கள். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். கணவனைக் கடலில் இழந்தவள் அவள். அதற்குப் பிறகு யாரையும் தண்ணீர் வரை போய் வழியனுப்புவதில்லை என்று வைத்திருந்தாள். அக்கா கிரைனாதான் ரோட்டர்டாம் துறைமுகம் வரை கூடப் போனாள்.

கப்பலின் மேல்தளம் முழுக்க ஒரே மாதிரித் தொப்பிகள். கிரைனா அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்துக் கையசைத்தாள். அந்தத் தொப்பியும் கையசைத்தது. ஆற்றின் மேல் லேசான மூட்டம் இருந்தது. கப்பல் நகர்ந்ததா, கரை நகர்ந்ததா என்று தெரியாத ஒரு நிமிஷம். அது ஆரிதானா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. "அதுக்குக்கூட நான் சாட்சி இல்ல" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

நான் 1966 முதல் நான்கு வருடம் லைடனில், பழைய ரைன் கால்வாயோரம், கிரைனாவின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தவள். இங்கே எழுதுவதில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம். மிச்சமெல்லாம் அவள் வாயால் கேட்டது.

கிரைனா பதினாலு வயதிலிருந்து கட்வைக்கில் வலை தைத்தவள். போர் முடிந்த அடுத்த வருடம், லைடனில் பேராசிரியர் லெம்ஸ்ட்ராவின் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். அவர் மேல்மாடி முழுக்க அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நபிமொழி. அதற்கு மேலே, அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசை. இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் என்று போய்ப் போய், கடைசியில் நபிகளின் காலத்தில் நிற்கும். போர்க்காலத்தில் யாரோ பெட்டிகளை நிலவறைக்கு இறக்கி, மறுபடி ஏற்றியதில் அட்டைகள் கலைந்துபோயிருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தத்தான் கிரைனாவை வைத்தார்கள். அரபு எழுத்து தெரியாமலே வடிவத்தைப் பார்த்துச் சேர்த்தாள். இரண்டு வருடத்தில் பெயர்களைப் படிக்க வந்துவிட்டது.

பிறகு பேராசிரியர் அவளுக்குப் பெரிய வேலை கொடுத்தார். சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதச் சுருள்களின் பின்பக்கத்தில், ஒரே நபிமொழிக்கு வந்திருக்கும் எல்லா வரிசைகளையும் கோடுகளாக வரைய வேண்டும். உச்சியில் நபிகள். அடியில், இருநூறு முன்னூறு வருடம் கழித்து அதைப் புத்தகத்தில் எழுதியவர்கள். வரைந்து முடித்தால் பெரும்பாலும் ஒரே உருவம்தான் வரும். உச்சியிலிருந்து ஒற்றைக் கோடு இறங்கும். மூன்றாம், நான்காம் தலைமுறையில் ஒரு மனிதரிடம் வந்து நிற்கும். அங்கிருந்து விசிறி மாதிரி விரியும்.

வலை தைத்தவளுக்கு அந்த இடத்துக்கு வேறு பெயர் தோன்றவில்லை. முடிச்சு என்றாள். பேராசிரியருக்கும் அது பிடித்துப்போயிற்று.

அவருடைய வாதம் சுலபமானது. எல்லாக் கோடுகளும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன என்றால், அந்த ஆளுக்கு முன்னால் அந்தப் பேச்சே கிடையாது. அவர்தான் அதை உண்டாக்கி, பழைய பெயர்களை ஏணி மாதிரி மேலே சாத்தி வைத்தவர். அந்நாளில் ஐரோப்பாவில் இந்தப் படிப்பு படித்தவர்களுக்கு இது புதுக் கண்ணாடி போட்ட மாதிரி. எதைப் பார்த்தாலும் முடிச்சு தெரிந்தது.

கிரைனாவுக்கு அந்த வரிசைகளில் வரும் மனிதர்களைப் பிடித்திருந்தது. பஸ்ராவில் வெண்கலப் பாத்திரம் விற்றவர், கூஃபாவில் கண் தெரியாத ஒரு நெசவாளி, மெர்வில் கழுதை வாடகைக்கு விட்டவர். மத்தியானத்தில் கால்வாய்த் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் அலையும். அதன் கீழே அவர்கள் ஒருவர் காதில் ஒருவர் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே போவது போலிருக்கும். சாயங்காலம் கட்வைக்குக்கு நீல டிராமில் திரும்பும்போது, மேய்ச்சல் நிலத்து மூட்டத்துக்குள் நிற்கும் மாடுகள்கூட ஏதோ கேட்டுவிட்டு நிற்கிற மாதிரி இருக்கும் என்பாள். பேராசிரியர் பென்சிலால் அவர்களைச் சுற்றி வட்டம் போடும்போது மட்டும் கொஞ்சம் கூசும். ஆனாலும் அவர் படித்தவர், அவள் வலைக்காரி.

1949 மார்ச்சில் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. ஆரி காணவில்லை. ஜாவாவின் நடுப்பகுதியில், ஒரு மலையடிவாரத்தில், ரோந்து போனவன் திரும்பவில்லை.

பிறகு 1951இல், ஒரே குளிர்காலத்தில், மூன்று பேர் வழியாக மூன்று சேதி வந்தது. முதலில் கட்வைக் ரொட்டிக்கடைக்காரரின் மகன், ஜாவாவிலிருந்து திரும்பியவன். ஆரி உயிரோடு இருக்கிறான், "நான் வரல, ஆனா இருக்கேன்" என்று அக்காவிடம் சொல்லச் சொன்னான் என்றான். இரண்டு வாரம் கழித்து லைடன் தபால்காரர் ஒருவர், அவரும் பழைய சிப்பாய், கதவைத் தட்டினார். ஆரி அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், காப்பித் தோட்டம் இருக்கிறது, வரமாட்டான், ஆனால் இருக்கிறான். மூன்றாவது, குரோனிங்கனிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் கடிதம். ஆரி ஓர் எருமையும் வாங்கியிருக்கிறான், இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னான், வரப்போவதில்லை.

அம்மா அன்றைக்கு மோர்க் கஞ்சி வைத்து, அதில் வெல்லப்பாகை ஊற்றி, முதல்முறையாக இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

கிரைனா சாப்பிடவில்லை. மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: உங்களுக்கு யார் சொன்னது? ரொட்டிக்கடைக்காரரின் மகனுக்குச் சொன்னவர், பட்டாளத்துச் சமையல்காரர் பௌவெ. தபால்காரருக்குச் சொன்னவரும் பௌவெ. குரோனிங்கன்காரரும் பதில் எழுதினார்: சமையல்காரர் பௌவெ சொன்னார். ஆரியை நேரில் பார்த்துப் பேசியது பௌவெ ஒருவர்தான்.

அவள் ஒரு சுருளை விரித்தாள். உச்சியில் 'ஆ' என்று எழுதினாள். ஒற்றைக் கோடு இழுத்தாள். 'ப' என்று எழுதினாள். அங்கிருந்து மூன்று கோடுகள். மறுநாள் காலை அதைப் பேராசிரியரின் மேசையில் வைத்து, யார் எவர் என்று சொல்லாமல், இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டாள்.

அவர் தேநீரைக்கூடக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையால் பென்சிலை எடுத்து 'ப'வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதுல கேக்க என்ன இருக்கு, மிஸ் ஹாஸ்நூட்? கதையோட தகப்பன் இவன்தான். மேல இருக்கிற ஆள் ஒண்ணுமே சொல்லல."

பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல் அன்பாகத்தான் சொன்னார். அவள் நன்றி சொல்லி, சுருளைச் சுற்றி, நூல் கட்டி, மற்றச் சுருள்களோடு அலமாரியில் வைத்தாள்.

காணாமல் போனவனை இறந்தவனாகப் பதிவு செய்ய ஒரு படிவம் இருந்தது. நம்பத்தக்க தகவல் எதுவும் வந்து சேரவில்லை என்று நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா மாட்டேன் என்றாள். 1954இல் கிரைனா போட்டாள். யோசிக்காமல் போட்டதில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு இரவும் அம்மா விழித்துக்கொண்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறாள்; இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று நினைத்தாள். ஆரியின் பெயரைக் கட்வைக் தேவாலயத்துக் கல்லில், கடலில் போனவர்கள் பெயர்களுக்குக் கீழே வெட்டினார்கள்.

அன்று தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், கறுப்புப் பாவாடையைக் கடற்காற்று அலைக்கழிக்க, அம்மா நின்றாள்.

"உன் தாள்ல நீ முடிச்சுப் போட்டா, என் புள்ள செத்துருவானாடி?"

அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை. நான்கு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். கிரைனா கட்வைக் வீட்டை விட்டுவிட்டு லைடனுக்குக் குடிவந்தாள்.

முனீப் அல்-கஸ்ஸாஸ் என்பவர் டமாஸ்கஸிலிருந்து வந்தது 1962 இலையுதிர் காலத்தில். பள்ளிவாசலில் நபிமொழிப் பாடம் நடத்துகிறவர். லைடனில் இருக்கும் சில பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்க வந்தவர், பேராசிரியரின் அட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கேயும் வந்தார். பருமனான மனிதர். இந்த ஊர்க் குளிருக்கு இரண்டு மேலங்கி போட்டுக்கொண்டு, படியேறும்போதெல்லாம் ஒவ்வொரு படியையும் திட்டுவார். அவருக்கும் கிரைனாவுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். பேராசிரியர் இல்லாத மத்தியானங்களில் சுருள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். சிலவற்றில் தலையாட்டுவார். சிலவற்றில், அந்த மனிதர் உயிரோடு வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி அவருக்காக வாதாடுவார். பாத்திரக்காரருக்கு ஞாபகம் நன்றாக இருந்தது, கடைசி இரண்டு வருடம்தான் குழம்பினார், அதற்கு முன்னால் அவரிடம் கேட்டவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம் என்பார். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்தவருக்கு எந்த வருடம் மறதி வந்தது என்று ஒருவர் சொல்வதைக் கிரைனா வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவர் பழைய சுருள் ஒன்றை விரித்து, கோடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, 'ப' யார், இப்படி ஓர் அறிவிப்பாளரைத் தனக்குத் தெரியவில்லையே, எந்த ஊர்க்காரர் என்று கவலையோடு கேட்டார்.

கிரைனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஹார்லிங்கன்காரர், சமையல்காரர் என்று சொல்லிவிட்டு, சிரிப்பு நிற்காமல், அப்படியே அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். கப்பலிலிருந்து கல்வெட்டு வரை.

அவர் இரண்டு மேலங்கிகளில் ஒன்றைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ஒத்த ஆள் சொன்ன சேதி பலவீனம்தான், சகோதரி. நாங்களும் அதை அப்படியே வாங்கிக்க மாட்டோம். ஆனா முதல்ல அந்த ஆள் எப்படின்னு விசாரிப்போம். பொய் சொல்றவனா, மறதிக்காரனா, அவன் நெசமாவே அங்க இருந்தானா... அந்தச் சமையக்காரரை நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

"கடுதாசி?"

அதுவும் இல்லை.

"எவ்வளவு தூரம்?"

ரயிலிலும் பஸ்ஸிலும் போனால் அரை நாள்.

 ஒரே ஒரு சேதியை, அதைக் கேட்டவர் வாயிலிருந்தே கேட்க, ஒரு மாதம் ஒட்டகத்தில் போனவர்களைப் பற்றி அதற்கு முந்தின வாரம்தான் அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அதை இப்போது சொல்லிக் காட்டவில்லை. கிரைனா அதற்காக அவரை ஆயுசு முழுக்க மதித்தாள்.

அடுத்த சனிக்கிழமை போனாள். வடக்கே, கடலுக்குக் குறுக்கே கட்டிய நீண்ட அணையின் மேல் பஸ் போயிற்று. அன்று அடர்ந்த மூட்டம். இரண்டு பக்கமும் தண்ணீரா வானமா என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் பத்தடி ரோடு, பின்னால் பத்தடி ரோடு. பஸ்ஸில் இவளோடு ஒரு கன்னிகாஸ்திரீயும், கூடைக்குள் ஒரு வாத்தும். பாதி வழியில், தான் எங்கும் போய்ச் சேராமல் இந்த வெள்ளைக்குள்ளேயே ஒரு கோட்டின் மேல் போய்க்கொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாக இல்லை, தூக்கம் மாதிரி இருந்தது என்றாள்.

ஹார்லிங்கனில் கதவைத் திறந்தது பௌவெயின் மனைவி. எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே பார்த்துச் சொன்னாள்: "இந்த மனுஷன் சொல்றதுல பாதி புளுகு, மீதி பாதி மறந்துபோனது. உள்ள வாங்க, சூப் ஆறிடும்."

பௌவெ அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வீங்கியிருந்தது. கிரைனா தன் பெயரைச் சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பட்டாணி சூப் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். கரண்டி நட்டால் நிற்கும்படி கெட்டி. அவள் கரண்டியைத் தொடாமல், அன்றைக்கு ஆரி என்ன சொன்னான், அவன் சொன்னபடியே சொல்லுங்கள் என்றாள்.

சந்தையில் அரிசி வாங்கப் போனபோது பார்த்தாராம். உள்ளூர்க்காரன் மாதிரி கைலி கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணுக்குப் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு நின்றான். ஓடிப்போனவனைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. பௌவெ அரிசியைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவன் கடிதம் எழுத முடியாது, ராணுவம் பிரிக்கும். "அக்காகிட்ட சொல்லு, நான் வரல, ஆனா இருக்கேன்." அவ்வளவுதான். அப்புறம் கூட்டத்தில் போய்விட்டான்.

காப்பித் தோட்டம்?

"அது நான் சேத்தது. வெறுமனே இருக்கேன்னா கேக்குறவனுக்கு ஞாபகம் நிக்காதும்மா. எருமையும் நான்தான்."

மனைவி அடுப்பருகிலிருந்து, நான் சொன்னேனா இல்லையா என்று தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

கிரைனா கேட்டாள்: அப்படியானால் ஏன் மூன்று பேரிடம் சொன்னீர்கள், ஏன் நீங்களே வரவில்லை?

"மூணா? மூணு பேருதான் வந்தாங்களா?" பௌவெக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. "ஊருக்குத் திரும்பின கப்பல் பூரா சொன்னேனே. முப்பது நாப்பது பேரு. சாப்பாட்டு வரிசையில தட்டை நீட்டுறவன்கிட்டல்லாம் சொன்னேன். ஒருத்தன்கிட்ட சொன்னா ஒருத்தன் மறந்துருவான். நான் இந்தக் காலோட ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் கெடந்தேன். யாராச்சும் தேடிட்டு வருவீங்கன்னு பாத்தேன், பொண்ணு. பதினோரு வருஷம்."

திரும்பும் பஸ்ஸில் மூட்டம் கலைந்திருந்தது. அவள் மூன்று சேதிகளையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தோட்டம் ஒருவரிடம், எருமை ஒருவரிடம். ஆனால் வரல, இருக்கேன் என்ற இரண்டும் மூன்றிலும் இருந்தன. யார் சொன்னது என்று விசாரித்தவள், என்ன சொன்னார்கள் என்று ஒருநாளும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கவில்லை. அத்தனை வருடம் மற்றவர்கள் சொற்கள் எழுதிய அட்டைகளை அடுக்கியவள்.

பௌவெக்கு அந்தச் சந்தையின் பெயர் தெரியவில்லை. தெமங்குங் பக்கம் என்றார், எரிமலை தெரியும் என்றார். கிரைனா ஒரு வரைபடத்தை வாங்கி, அந்த மலையைச் சுற்றியிருந்த ஊர்களை எழுதி, ஒவ்வொரு ஊர்த்தலைவருக்கும் ஒரு கடிதம் போட்டாள். அறுபத்தெட்டு கடிதம். மேலே மலாய் மொழியில் இரண்டு வரி, அகராதியைப் பார்த்து எழுதியது. உள்ளே ஆரிக்கு நாலு பக்கம்: அம்மா போனதும், கல்லில் பெயர் வெட்டியதும், கையெழுத்துப் போட்டது தான்தான் என்பதும். பதில் வரவில்லை. அடுத்த வருடமும் போட்டாள். வரவில்லை. ஜாவாவில் ரத்தக்களரி நடந்த வருடம் மட்டும் போடவில்லை, மறுபடி தொடங்கினாள்.

நான் அந்த வீட்டில் இருந்த நான்கு வருடமும், டிசம்பர் மாதம் சாப்பாட்டு மேசை முழுக்க அந்த உறைகள்தான். அதில் ஓரிரு முறை நான் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். நம்புகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "நம்புறதா இல்லையான்னு முடிவு பண்ணித்தான் ஒருதரம் கெட்டுது. இப்ப விசாரிக்கிறேன், அவ்வளவுதான்" என்றாள்.

பேராசிரியர் லெம்ஸ்ட்ரா ஓய்வு பெற்று, அட்டைகளை ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். கிரைனாவையும் அட்டைகளோடு நூலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே புதிதாக வந்தவர்கள் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கோடுகளை மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு கோட்டிலும் வந்த சொற்களையும் ஒப்பிட வேண்டும். சொல் மாறுவது எங்கே, மாறாதது எது என்று பார்த்தால் முடிச்சில் இருப்பவர் புனைந்தவரா, கேட்டதைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தவரா என்று தெரியும் என்றார்கள். பழைய ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை இன்னும் நடக்கிறது. ஒரு இளைஞர் இதை அவளுக்கு விளக்க ஆரம்பித்தாராம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஹார்லிங்கனுக்கு எந்த பஸ் போகும் தெரியுமா என்று கேட்டாளாம். அவருக்குப் புரியவில்லை.

நான் ஏடனுக்கும், அங்கிருந்து கிழக்கேயும் போய், எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்க முடியாமல், எட்டு வருடம் கழித்துத் திரும்பினேன். 1978இல், மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், கிரைனா வீட்டு மணியை அடித்தேன். அறுபதைத் தாண்டியிருந்தாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் சுற்றிய ஊர்களைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், ஒரு உறையை எடுத்து வந்தாள். நாலு மாதம் முன்னால் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தானே வாசித்தாள். கால்வாய் வெளிச்சம் கூரையில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. எத்தனையோ தடவை வாசித்த குரல் அது.

"அக்கா,

இதை என் மூத்த மகள் எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறாள், நம் மொழி அவளுக்குத் தெரியாது. எனக்கும் பாதி போய்விட்டது. உன் கடிதம் ஒன்று பக்கத்து ஊரில், செத்துப்போன தலைவர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. அவர் மகன் கல்யாணத்துக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது எடுத்து வந்து கொடுத்தான்.

அன்று நான் சொல்லியனுப்பியதற்கு நீ பதில் சொல்லாததால், நான் ஓடிவிட்டதில் உனக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் எழுதவில்லை. என் பக்கத்துத் தப்பு அது.

எனக்கு நாலு பிள்ளைகள். அரை வயல் புகையிலை. முதுகு வலி. அம்மாவுக்காக இங்கே எங்கள் வழக்கப்படி ஓதினோம், நீ கோபித்துக்கொள்ளாதே. கல்லில் பெயர் இருந்தால் இருக்கட்டும், வெட்டினவனுக்குக் கூலி கொடுத்தாயிற்று அல்லவா.

நீ வரமுடியுமா என்று தெரியவில்லை. ஆனால் ஊரில் யாராவது, உன் தம்பி இருக்கிறான் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டால், என்னிடமிருந்து நேராகக் கேட்டேன், நடுவில் யாரும் இல்லை என்று சொல்."